முதலில் பாடப்பட்டியல், பிறகு புத்தகம்

பக்கத்து வீட்டுத் தம்பி போனை நீட்டினான். சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் தேர்வான சிசிஎன்ஏ எழுதப் போகிறானாம். எட்டு வீடியோ தொடர், பதினான்கு பிடிஎஃப் சேர்த்து வைத்திருந்தான். "எதுலண்ணே ஆரம்பிக்கிறது?" ரெண்டு டீ சொன்னேன்.

ஒரு பிடிஎஃப்பைத் திறந்தால் இஐஜிஆர்பி என்ற ரவுட்டிங் புரோட்டோகாலுக்கென்றே தனி அத்தியாயம். பழைய தேர்வுக்கான புத்தகம் அது. இப்போது நடப்பது 200-301. 2020 பிப்ரவரியில் வந்தது, 2024 ஆகஸ்டில் 1.1 என்று திருத்தினார்கள். ரவுட்டிங் புரோட்டோகாலில் ஓஎஸ்பிஎஃப் ஒன்றைத்தான் செய்து காட்டச் சொல்கிறது. பாடப்பட்டியலை சிஸ்கோ இலவசமாகவே தருகிறது. முதலில் அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டச் சொன்னேன். ஐபி கனெக்டிவிட்டிக்கு 25 சதவீதம், ஆட்டோமேஷனுக்கு 10. எதில் எத்தனை நாள் உட்காருவது என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.

பாடத்துக்கு ஒன்று போதும். வாசிக்கப் பிடித்தவன் வெண்டல் ஓடமின் இரண்டு பாகங்களை வாங்கலாம். தலையணை கனம், ஆனால் ஓட்டை விடாத புத்தகம். கேட்டால்தான் மண்டையில் ஏறும் என்பவனுக்கு யூடியூபில் ஜெரமிஸ் ஐடி லேப் இருக்கிறது, காசு கிடையாது. இரண்டையும் பாதிப் பாதி படிப்பவன்தான் மாட்டிக்கொள்கிறான்.

கையால் செய்து பார்க்காமல் இந்தப் படிப்பு ஒட்டாது. சிஸ்கோவின் பாக்கெட் ட்ரேசர் இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். அதில் ஒரு சுவிட்சில் கம்ப்யூட்டரைச் செருகினால் முனையில் ஆரஞ்சுப் புள்ளி எரியும். அரை நிமிடம் கழித்துத்தான் பச்சையாகும். தம்பி அதை மென்பொருள் கோளாறு என்று நினைத்து மூடி மூடித் திறந்திருக்கிறான்! வலையில் வளையம் விழுந்துவிடக் கூடாதே என்று ஸ்பானிங் ட்ரீ பார்க்கிற பார்வை அது. 15 நொடி லிசனிங், 15 நொடி லேர்னிங். புத்தகத்தில் அரை வரி. காத்திருந்து எரிச்சல்பட்டவனுக்கு மறக்காது. அந்த எரிச்சலோடு, இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கிற போர்ட்ஃபாஸ்ட் பாடத்தைப் படித்தால், அது எதற்கு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"டம்ப்ஸ் இருக்குண்ணே, ஃபிரெண்டு கொடுத்தான்" என்று குரலைத் தாழ்த்தினான். திருட்டுக் கேள்வித்தாள்தானே அது. பிடிபட்டால் சான்றிதழே போய்விடும். பிடிபடாவிட்டாலும் நேர்முகத்தில் 'ஷோ ஐபி ரூட்' வெளியீட்டைக் காட்டி முதல் வரிக்கு அர்த்தம் கேட்பார்களே, அங்கே என்ன செய்வான்? மாதிரித் தேர்வு என்பது வேறு சமாச்சாரம். தவறான விடை ஏன் தவறு என்று விளக்குகிற ஒன்றைப் பார்த்து வாங்கலாம். அதுவும் கடைசி மாதத்தில்.

தேர்வு 120 நிமிடம். ஒரு கேள்வியைத் தாண்டினால் திரும்பி வர முடியாது. கால்குலேட்டரும் கிடையாது. ஆகவே சப்நெட்டிங்குக்கு எந்தப் புத்தகமும் வேண்டாம், தினம் பத்துக் கணக்கு போதும். கடைக்காரர் கொடுத்த துண்டுச் சீட்டைத் திருப்பி எழுதினேன்: 172.16.5.130/27. இது எந்த நெட்வொர்க்?

விரலை மடக்க ஆரம்பித்தான். முப்பத்திரண்டு, அறுபத்து நாலு, தொண்ணூற்று ஆறு, நூற்றி இருபத்தெட்டு. "128ண்ணே."

"பிராட்காஸ்ட்?"

"160..." என்று எழுதப் போனவன், பேனாவைத் தூக்கிக்கொண்டு, 159 என்று எழுதினான்.