ஆடித் தள்ளுபடியும் பம்பு மோட்டாரும்

ஆடி மாதம் பிறந்தால் சேலம், இராசிபுரம், நாமக்கல் கடைவீதிகளில் எங்கும் தள்ளுபடிப் பேச்சுதான். மோட்டார் பம்புசெட்டும் இதற்கு விலக்கல்ல. மரவள்ளிக்கும் மஞ்சளுக்கும் ஆழ்துளைக் கிணற்றையே நம்பியிருக்கும் சிறு விவசாயிக்கு, நூற்றுக்கு 40 தள்ளுபடி என்றதும் ஆசை எழுவது இயல்பு. ஆனால் எந்த விலையிலிருந்து தள்ளுபடி என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

உதாரணமாக, 30,000 ரூபாய் என்று விலைப் பட்டியலில் போட்டு 40 சதவீதம் தள்ளினாலும், 20,000 ரூபாய் என்று போட்டு 10 சதவீதம் தள்ளினாலும் கொடுப்பது 18,000 ரூபாய்தான். எனவே சதவீதத்தை விட்டுவிட்டு, வரி உட்படக் கையிலிருந்து போகும் தொகையை இரண்டு மூன்று கடைகளில் ஒப்பிட வேண்டும்.

விலை எதனால் குறைகிறது?

மோட்டாரின் அடக்க விலையில் பெரும் பங்கு தாமிரக் கம்பிக்கும், உள்ளே அடுக்கும் இரும்புத் தகடுகளுக்கும் ஆகிறது. மிக மலிவான மோட்டாரில் பெரும்பாலும் இவற்றில்தான் கை வைக்கப்படுகிறது. அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் தாமிரத்தில் சுமார் 60 சதவீதமே. அதே பருமனுள்ள அலுமினியக் கம்பியைச் சுற்றினால் காயில் அதிகம் சூடேறும். வோல்டேஜ் குறையும்போது மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுப்பதால் காயில் எரிந்துபோகும். பிறகு மோட்டாரை மேலே எடுக்க, காயில் கட்ட, மறுபடி இறக்க என்று மூன்று கூலி. அதற்குள் பயிர் வாடிவிடும்.

தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசம். பில் வராததால் மோட்டார் வீணாக்கும் மின்சாரம் கண்ணில் படுவதில்லை. மும்முனை மின்சாரம் இருக்கும் நேரத்துக்குள் எவ்வளவு நீர் இறைகிறது என்பதில்தான் நஷ்டம் தெரியும்.

கவனிக்க வேண்டியவை

1. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் லைசென்சு எண்ணும் இருக்க வேண்டும். நீர்மூழ்கி பம்புசெட்டுக்கு ஐ.எஸ். 8034, மோனோபிளாக் பம்புக்கு ஐ.எஸ். 9079. லைசென்சு எண் சரியானதா என்பதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் பார்க்கலாம்.

2. தாமிரக் காயில் என்று பில்லில் எழுதி வாங்க வேண்டும். ஒரே குதிரை சக்தியும் ஒரே அளவும் உள்ள இரண்டு மோட்டார்களில் ஒன்று மிக லேசாக இருந்தால் காரணம் கேட்க வேண்டும்.

3. பழைய இருப்பானால் தயாரித்த ஆண்டைப் பார்த்து, தண்டு கையால் தடையின்றிச் சுழல்கிறதா என்று சோதிக்க வேண்டும். உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் தேதியும் அவசியம்.

4. மோட்டாரை இறக்கியதும் 200 லிட்டர் டிரம்மில் நீர் பிடித்துப் பார்க்கலாம். நிறைய 50 வினாடி ஆனால் வினாடிக்கு 4 லிட்டர். கம்பெனி அட்டவணையில் அந்த ஆழத்துக்குக் கொடுத்துள்ள அளவோடு இதை ஒப்பிட வேண்டும். மிகவும் குறைந்தால் உடனே கடைக்காரரிடம் தெரிவிக்க வேண்டும்.

தள்ளுபடி எல்லாமே மோசம் என்பதில்லை. ரொக்கத்துக்காகவும், இருப்பைத் தீர்க்கவும் நல்ல மோட்டாரையே குறைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. முதலில் தரத்தை உறுதி செய்துகொண்டு, அதன் பிறகு விலை பேசுவதே நலம்.