மாட்டுப் பட்டியும் வரிக்குதிரையும்

மாடு வளர்க்கும் இடத்தில் காட்டு விலங்கு வாழ முடியுமா? வேலியும் வீதியும் வந்தபின் அவை எங்கே போகின்றன? கிழக்கு ஆபிரிக்காவில் உள்ள கென்யா நாட்டின் லைக்கிப்பியா என்னும் புல்வெளிப் பிரதேசம் இக்கேள்விகளுக்குச் சில விடைகளைத் தருகிறது. மண்ணோடும் மாட்டோடும் வாழ்ந்தவர்கள் என்பதால் நாம் அதைச் சற்று ஆழமாகப் பார்ப்போம்.

லைக்கிப்பியா, கென்யா மலைக்கு வடமேற்கே உள்ள மேட்டுநிலம். மழை குறைவு. புல்லும் முள்மரங்களும் கலந்த தரை. மசாய் மக்கள் இங்கே மாடு மேய்த்து வந்தனர். பிரித்தானிய ஆட்சியாளர் 1911ஆம் ஆண்டு உடன்படிக்கை ஒன்றின் பெயரால் அவர்களைத் தெற்கே இடம்பெயரச் செய்தனர். மசாய் மக்கள் நீதிமன்றம் சென்றனர். 1913இல் வழக்குத் தள்ளுபடியாயிற்று. அவர்களது மேய்ச்சல் தரைகள் வெள்ளையரின் பெரும் பண்ணைகளாயின. இன்றும் அங்கே தனியார் பண்ணைகளும் மேய்ப்பர் சமூகங்களின் பொது நிலங்களும் அருகருகே உள்ளன. யானை, வரிக்குதிரை, சிங்கம் ஆகியவற்றில் பெரும்பாலானவை வாழ்வது அரச பூங்காக்களில் அல்ல, இந்த நிலங்களிலேயே.

பட்டி இருந்த இடம்

அங்குள்ள மேய்ப்பர்கள் இரவில் மாடுகளை முள்வேலிப் பட்டியில் அடைப்பார்கள். சில காலத்தின் பின் பட்டியை வேறிடத்துக்கு மாற்றுவார்கள். கைவிடப்பட்ட பட்டியில் சாணம் மண்ணோடு கலந்து, சத்து மிகுந்த புல் முளைக்கிறது. இந்தப் புல்திட்டுகள் பல பத்தாண்டுகள் நிலைக்கின்றன. இம்பாலா மான்களும் வரிக்குதிரைகளும் அவற்றைத் தேடி வருகின்றன. தோட்டத்தில் பட்டி அடைத்துப் பசளையிடும் வழக்கத்தை அறிந்த எமது கமக்காரருக்கு இது வியப்பளிக்காது. இப்போது சில பண்ணைகள் கழற்றிப் பூட்டக்கூடிய இரும்புப் பட்டிகளை இடம்மாற்றி வைத்து, வெறுந்தரையில் புல் வளரச் செய்கின்றன.

மாரியில் நண்பன், கோடையில் போட்டியாளன்

வரிக்குதிரை மாட்டின் புல்லைத் தின்றுவிடும் என்பது பண்ணையாளரின் பழைய முறைப்பாடு. லைக்கிப்பியாவில் செய்த பரிசோதனை ஒன்றின் முடிவு 2011இல் வெளியாயிற்று. கோடையில் அந்த முறைப்பாடு சரியே. காட்டு விலங்குகளோடு மேய்ந்த மாடுகளின் நிறை குறைவாகவே கூடியது. மழைக்காலத்திலோ நிலை மாறியது. வரிக்குதிரைகள் முற்றிய தண்டுகளைத் தின்றுவிட, மாடுகளுக்கு இளம்புல் கிடைத்தது. தனியே மேய்ந்த மாடுகளைவிட அவற்றின் நிறை கூடியது. ஆகவே கோடையில் புல்லும் தண்ணீரும் எங்கே மிஞ்சுகின்றன என்பதே உண்மையான கேள்வி. அதைத் தீர்க்காதபோது மனிதரே மோதுகின்றனர். 2017ஆம் ஆண்டு வறட்சியில் மேய்ப்பர்கள் மந்தைகளோடு பண்ணைகளுக்குள் நுழைந்தனர்; உயிர்களும் பலியாயின.

வேலியும் வீதியும்

தெற்கே பொட்ஸ்வானாவில், கால்வாய் நோய் மாடுகளுக்குப் பரவாதிருக்க 1950களிலிருந்து நீண்ட வேலிகள் போடப்பட்டன. இறைச்சி ஏற்றுமதி பல குடும்பங்களின் வாழ்வு. வேலிக்குக் காரணம் இருந்தது. ஆயினும் 1980களின் வறட்சியில், வேலியால் மறிபட்ட நூ என்னும் பெரிய மான்கள் தண்ணீருக்கு வழியின்றிப் பல்லாயிரக் கணக்கில் மடிந்தன. 1968இல் போட்ட மற்றொரு வேலி வரிக்குதிரைகளின் பாதையை மறித்தது. அது 2004இல் அகற்றப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் வரிக்குதிரைகள் போகவர 500 கிலோமீற்றருக்கும் மேலான அந்தப் பாதையில் மீண்டும் நடந்தன. 36 வருட இடைவெளி ஒரு வரிக்குதிரையின் ஆயுளைவிட நீண்டது. அவற்றுள் ஒன்றேனும் முன்பு அவ்வழியே சென்றதில்லை.

வீதிக்கும் வழி உண்டு. கென்யா மலைக்காட்டையும் வடக்கே உள்ள சமவெளியையும் பெருவீதி ஒன்று பிரிக்கிறது. யானைகள் கடக்க அந்த வீதியின் கீழ் சுரங்கப் பாதை ஒன்று அமைக்கப்பட்டது. 2011 தொடக்கத்திலேயே யானைகள் அதைப் பயன்படுத்தத் தொடங்கின. இருபுறமும் பயிர்நிலங்களை ஒட்டி வேலியிட்டதால் யானைக்கும் வழி கிடைத்தது, கமக்காரரின் பயிருக்கும் காவல் கிடைத்தது.

நாம் கேட்க வேண்டியவை

வேலி தீயதல்ல. அது எங்கே நிற்கிறது என்பதே முக்கியம். காணிக்குத் திரும்பியவர்களும் திரும்பக் காத்திருப்பவர்களும் வேலிக்கட்டை நடுமுன் கூடியிருந்து மூன்று கேள்விகளைக் கேட்கலாம். கோடையில் தண்ணீர் எங்கே மிஞ்சும்? விலங்குகள் எவ்வழியே அங்கே வரும்? எமது மாடுகளுக்கான பொதுத் தரை எது? இவற்றுக்கான விடை ஊர் முதியவர்களிடம் இருக்கும். காணியின் வரைபடம் வரையப்படும்போது அவர்களும் அருகில் இருக்கட்டும்.