மெத்தையில் ஈரம்: பூனை பழிவாங்குகிறதா?

“வேண்டுமென்றே செய்கிறது!” பள்ளிப் பையோ மெத்தையோ நனைந்து கிடந்தால் வீட்டில் முதலில் வரும் தீர்ப்பு இதுதான். நேற்று அதட்டினோம், இன்று பழிவாங்கிவிட்டது என்று காரணத்தையும் நாமே சேர்த்துக்கொள்கிறோம். ஆனால், அதட்டலுக்குக் கணக்கு வைத்துப் பழிதீர்க்கும் குணம் பூனைக்கு இல்லை. மணல் தட்டை விட்டு வேறிடம் தேடுகிறது என்றால், அதற்கு உடம்பில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும், அல்லது தட்டில் ஏதோ பிடிக்காமல் இருக்க வேண்டும்.

இதைச் சரியாகப் புரிந்துகொள்வது இப்போது இன்னும் முக்கியம். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தடை இருந்த வீவக வீடுகளில் 2024 செப்டம்பர் 1 முதல் இரண்டு பூனைகள்வரை வளர்க்கலாம். மைக்ரோசிப் பொருத்தி உரிமம் பெற 2026 ஆகஸ்ட் 31 வரை அவகாசம் தரப்பட்டது. ஆசையாகப் பூனை கேட்பது பெரும்பாலும் வீட்டின் இளையர்தான். நாற்றம் தாங்காமல் “கொண்டுபோய் விட்டுவிடு” என்று பெற்றோர் சொல்லும்போது பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. செல்லப்பிராணியைக் கைவிடுவது சிங்கப்பூரில் குற்றம். முதல்முறைக் குற்றத்திற்கே 10,000 வெள்ளிவரை அபராதம், 12 மாதம்வரை சிறை அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

முதலில் உடல்நலம். பூனை அடிக்கடி தட்டுக்குப் போய் முக்குகிறதா? சில சொட்டுகளே வருகின்றனவா? சிறுநீரில் இரத்தம் தெரிகிறதா? சிறுநீர்ப்பை அழற்சியாக இருக்கலாம். கிருமித்தொற்று எதுவும் இல்லாமல் மன அழுத்தத்தாலேயே இது வரக்கூடும். புதிய வாடகைக்காரர், வீட்டுப் புதுப்பிப்பு, இரண்டாவது பூனை என எதுவும் தூண்டலாம். வலித்த இடம் மணல் தட்டு என்பதால், வலிக்குக் காரணமே தட்டுதான் என்று பூனை முடிவுகட்டி மெத்தைக்கு மாறிவிடும். ஆண் பூனை முக்கியும் சிறுநீரே வரவில்லை என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். சிறுநீர்க்குழாய் அடைபட்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அது இரவானாலும் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டிய அவசரம்.

அடுத்து, எப்படிக் கழிக்கிறது என்று கவனியுங்கள். குந்தி உட்கார்ந்து தரையில் குட்டையாக விட்டால் அது சாதாரணச் சிறுநீர். நின்றபடியே வாலை நிமிர்த்தி நடுங்கவிட்டு, சுவரிலோ திரைச்சீலையிலோ பீய்ச்சினால் அது ‘இது என் இடம்’ என்ற எல்லைக்குறி. கருத்தடை செய்யப்படாத ஆண் பூனைகளிடம் இது அதிகம். கருத்தடைக்குப் பிறகு பெரும்பாலானவை நிறுத்திவிடுகின்றன. குறைந்த வருமானக் குடும்பங்களின் பூனைகளுக்கு இலவசமாகக் கருத்தடை செய்ய தேசியப் பூங்காக் கழகத்தின் திட்டம் உண்டு. தாழ்வாரத்தில் உலவும் வேறொரு பூனையை வாயிற்கதவுக் கம்பி வழியே பார்த்துவிட்டு, கதவோரத்திலேயே பீய்ச்சுவதும் உண்டு.

உடம்பில் குறையில்லை, எல்லைக்குறியும் இல்லை என்றால் மணல் தட்டைப் பாருங்கள். நம் அடுக்குமாடி வீடுகளில் தட்டை வைக்கும் வழக்கமான இடம் சமையலறைக்குப் பின்னால், சலவை இயந்திரத்திற்குப் பக்கத்தில். பூனை உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்து இயந்திரம் அதிரத் தொடங்கினால், அடுத்த முறை அது அங்கே வருமா? சந்தடியில்லாத, ஆனால் எளிதில் போகக்கூடிய மூலையே நல்லது. சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில் வேண்டாம். வாசனை சேர்த்த மணல் நமக்குப் பிடிக்கும், பூனைக்குப் பிடிக்காது. தினமும் அள்ளுங்கள். தேர்வுக் காலத்தில் இரண்டு நாள் தள்ளிப்போட்டால் பூனையும் வேறிடம் பார்த்துக்கொள்ளும்.

பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக வேண்டும் என்பது பொது விதி. மூவறை வீட்டில் இரண்டு பூனைகளுக்கு மூன்று தட்டுகள் என்றால் அம்மா முறைப்பார்தான். குறைந்தபட்சம் இருக்கும் தட்டுகளை வெவ்வேறு இடங்களில் வையுங்கள். அருகருகே வைத்தால் ஒரு பூனை மற்றொன்றை இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் விரட்டிவிடும்.

சுத்தம் செய்வதில் கொஞ்சம் வேதியியல் இருக்கிறது. பூனையின் சிறுநீரில் ஃபெலினின் என்ற கந்தகம் கொண்ட அமினோ அமிலம் உண்டு. அது சிதையச் சிதையத்தான் அந்தப் பிரசித்திபெற்ற நாற்றம் கிளம்புகிறது. துடைத்த அன்று இல்லாத வாடை மறுநாள் வருவது அதனால்தான். அம்மோனியா கலந்த திரவத்தால் துடைத்தால் அங்கே சிறுநீர் வாடையையே நாம் கூட்டுகிறோம். பிளீச் ஊற்றினால் அது சிறுநீரில் உள்ள அம்மோனியாவுடன் வினைபுரிந்து நச்சுவாயுவை உண்டாக்கும். ஃபீனால் வகைக் கிருமிநாசினிகளும் பூனைக்கு விஷம், அதன் கல்லீரலால் அவற்றை எளிதில் முறிக்க முடியாது. செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் நொதி கலந்த திரவமே சரி. ஈரத்தை ஒற்றியெடுத்துவிட்டு, அதை ஊற்றி, சிட்டையில் சொன்ன நேரம்வரை ஊறவிடுங்கள். அவசரமாகத் துடைத்தால் நொதிக்கு வேலை செய்ய நேரம் கிடைக்காது.

மூக்கைத் தரையில் தேய்ப்பது, அடிப்பது எதுவும் உதவாது. அச்சம் அழுத்தத்தைக் கூட்டும், அழுத்தம் அந்த அழற்சியையே கூட்டும். நனைத்த இடம் நன்றாகச் சுத்தமான பிறகு அங்கேயே அதன் உணவுக் கிண்ணத்தைச் சில வாரங்கள் வைத்துப் பாருங்கள். சாப்பிடும் இடத்தில் பூனை பொதுவாகச் சிறுநீர் கழிப்பதில்லை.