இதயமுடுக்கி

இதயமுடுக்கி என்பது, இதயத் துடிப்பு வேண்டிய அளவை விடக் குறையும்போது இதயத் தசைக்குச் சிறு மின்துடிப்புகளை அளித்து அதனைச் சுருங்கச் செய்யும் மின்னணுக் கருவியாகும். இது பேஸ்மேக்கர் என்ற பெயரில் பரவலாக அறியப்படுகிறது. இக்கருவி இதயத்தை இடைவிடாமல் இயக்குவதாகப் பலர் எண்ணுவதுண்டு. உண்மையில், இதயத்தின் மின்குறிகைகளைத் தொடர்ந்து கவனிப்பதும், இயற்கைத் துடிப்பு உரிய நேரத்தில் வராதபோது மட்டும் தூண்டுவதுமே இதன் பணியாகும்.

இயற்கையான முடுக்கி

வலது மேலறையில் உள்ள சைனஸ் முடிச்சு, ஓய்வு நிலையில் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை வரை மின்குறிகையை உருவாக்குகிறது. மேலறைகளைச் சுருங்கச் செய்யும் இக்குறிகை, மேலறை-கீழறை முடிச்சில் சுமார் 0.1 நொடி தாமதித்த பின்னரே கீழறைகளை அடைகிறது. இத்தாமதத்தால் கீழறைகள் குருதியால் நிறையக் காலம் கிடைக்கிறது. சைனஸ் முடிச்சு பழுதடைந்தாலோ, குறிகை செல்லும் வழி தடைபட்டாலோ துடிப்பு குறைந்து மயக்கமும், சில வேளைகளில் உயிரிழப்பும் நேரலாம்.

அமைப்பு

மின்கலமும் மின்சுற்றும் டைட்டானியம் உறையொன்றில் அடைக்கப்பட்டு, பொதுவாகக் காறை எலும்புக்குக் கீழே தோலடியில் வைக்கப்படுகின்றன. அங்கிருந்து சிரை வழியாகச் செல்லும் மின்கம்பிகளின் முனைகள் இதயத்தின் உட்சுவரைத் தொடுகின்றன. உணர்வதும் தூண்டுவதும் ஒரே கம்பியின் வழியாகவே நடைபெறுகின்றன.

உணர்தல்

கீழறை சுருங்கும்போது மின்முனையில் பொதுவாக 5 முதல் 20 மில்லிவோல்ட் வரையான குறிகை தோன்றும். மேலறைக் குறிகை இதனினும் சிறியது. கருவி இதனைப் பெருக்கி, வடிகட்டி, குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் மட்டுமே துடிப்பாக ஏற்கிறது. மார்புத் தசைகளின் மின்குறிகை வேகமாகவும், கீழறை தளரும்போது எழும் அலை மெதுவாகவும் மாறுவதால், வடிகட்டி இவ்விரண்டையும் பெருமளவு நீக்கிவிடுகிறது.

தூண்டல்

தூண்டும் மின்துடிப்பு எடுத்துக்காட்டாக 2.5 வோல்ட் அளவில் 0.4 மில்லிநொடி நீடிக்கும். மின்தடை 500 ஓம் எனில் இதற்குச் செலவாகும் ஆற்றல் 5 மைக்ரோஜூல் மட்டுமே. இவ்வாற்றல் தசையைச் சுருக்குவதில்லை. முனையைச் சுற்றியுள்ள சில செல்களைத் தூண்டுகிறது. பின்னர் அத்தூண்டல் செல்லுக்குச் செல் தானாகவே பரவுகிறது.

நேரக் கணக்கு

கீழறையை மட்டும் கவனித்துத் தூண்டும் முறை வி.வி.ஐ. எனப்படும். இதில் முதலெழுத்து தூண்டப்படும் அறையையும், இரண்டாவது உணரப்படும் அறையையும், மூன்றாவது உணர்ந்தபின் கருவி தூண்டாமல் அடங்குவதையும் குறிக்கும். குறைந்த அளவு நிமிடத்துக்கு 60 என அமைக்கப்பட்டால், கருவி 1000 மில்லிநொடி காத்திருக்கும். 800ஆவது மில்லிநொடியில் இயற்கைத் துடிப்பு வந்தால் கணக்கு மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். ஆகவே அடுத்த தூண்டல் 1800ஆவது மில்லிநொடிக்குரியது; அதற்குள் மற்றொரு துடிப்பு வந்தால் அதுவும் தள்ளிப்போகும்.

ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னரும் சுமார் 250 மில்லிநொடி வரை வரும் குறிகைகளை வைத்துக் கருவி தன் கணக்கை மாற்றுவதில்லை. இவ்விடைவெளி இல்லையெனில், ஒரே துடிப்பின் தளர்வலையை மற்றொரு துடிப்பாக அது எண்ணிவிடக்கூடும்.

டி.டி.டி. முறையில் இரு அறைகளும் உணரப்பட்டுத் தூண்டப்படுகின்றன. மேலறைத் துடிப்பை உணர்ந்ததும் கருவி சுமார் 150 மில்லிநொடி காத்திருக்கும். அதற்குள் கீழறை துடிக்காவிடில் அதனைத் தூண்டும். முடிச்சின் இயற்கையான தாமதத்தை இது ஈடுசெய்கிறது. ஓடும்போது சைனஸ் முடிச்சு விரைந்தால், கீழறையும் நிர்ணயிக்கப்பட்ட உச்ச அளவு வரை உடன் விரையும்.

உணர்தலில் ஏற்படும் பிழைகள்

இதயத்துக்குப் புறம்பான குறிகையைத் துடிப்பென எண்ணினால் கருவி தூண்டாமல் இருந்துவிடும். சொந்தத் துடிப்பு அற்ற நோயாளிக்கு இதனால் இதயமே நின்றுபோகலாம். அறுவையில் பயன்படும் மின்கத்தி இவ்வாறு குறுக்கிடக்கூடும். அத்தகைய வேளைகளில் கருவியின் மேல் காந்தம் வைத்தால், பெரும்பாலான இதயமுடுக்கிகள் எதையும் உணராமல் நிலையான வேகத்தில் தூண்டத் தொடங்கும்.

மாறாக, உண்மையான துடிப்பை உணரத் தவறினால் தேவையற்ற தூண்டல் நிகழும். கீழறை தளர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் அது விழுந்தால், அரிதாக உயிருக்கு ஆபத்தான கீழறை நடுக்கம் தோன்றலாம்.

வரலாறு

முழுவதும் உடலுக்குள் பொருத்தப்பட்ட முதல் இதயமுடுக்கியை ரூனே எல்ம்குவிஸ்ட் வடிவமைத்தார். 1958 அக்டோபர் 8 அன்று சுவீடனில் ஓக்கே சென்னிங் அதனை ஆர்னே லார்சன் என்பவருக்குப் பொருத்தினார். அக்கருவி சில மணி நேரமே இயங்கியது. எனினும் 20க்கும் மேற்பட்ட கருவிகளின் துணையுடன் லார்சன் 2001 வரை வாழ்ந்தார். தொடக்ககாலக் கருவிகள் இதயத்தைக் கவனிக்காமல் ஒரே வேகத்தில் தூண்டின. உணர்ந்து தூண்டும் கருவிகள் 1960களில் உருவாயின. 1970களில் வந்த லித்தியம் மின்கலங்கள் கருவியின் ஆயுளைப் பெரிதும் நீட்டித்தன. கம்பியின்றிக் கீழறைக்குள்ளேயே பொருத்தப்படும் சிறு இதயமுடுக்கி ஒன்றுக்கு 2016இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.