கரைச் சதுப்பும் நகரத்துக் கழிவும்

உலகின் மேற்பரப்பு நன்னீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பாகத்தைத் தம்முள் அடக்கிய வட அமெரிக்கப் பேரேரிகளின் ஜீவசக்தி, அவற்றின் கரையோரங்களில், ஆழமற்ற நீரில் நாணலும் சம்பும் மண்டி நிற்கும் சதுப்புப் பிரதேசங்களிலேயே இருக்கிறது. ஒன்டாரியோ ஏரியின் மேற்குக் கோடியில், ஹாமில்டன் நகரத்தை ஒட்டிக் கிடக்கும் கூட்ஸ் பாரடைஸ் என்னும் சதுப்போ, 1985-ஆம் ஆண்டுக்குள் தன் தாவரங்களில் 85 சதவீதத்தை இழந்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அக்கண்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட சாதாக் கெண்டை, இரை தேடிச் சேற்றைக் கிளறி, செடிகளை வேரோடு பெயர்த்து, எஞ்சியவற்றுக்கும் சூரிய ஒளி எட்டாதபடி நீரைக் கலக்கி வந்தது இந்நாசத்துக்கு ஒரு முக்கிய காரணம்.

1997 முதல், துறைமுகத்திலிருந்து சதுப்புக்குச் செல்லும் கால்வாயில் மீன்வழி ஒன்று இயங்குகிறது. ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியுள்ள கம்பிகளினூடே சிறு மீன்கள் நுழைந்துவிடும்; பெரியவை கூண்டில் அகப்படும். கூண்டை மேலே தூக்கி, துள்ளும் மீன்களை மனிதர் தம் கையாலேயே தரம் பிரித்து, சுதேச மீன்களைச் சதுப்புக்குள்ளும் கெண்டையைத் துறைமுகப் பக்கமும் விடுகின்றனர். அருகிலுள்ள கிரிண்ட்ஸ்டோன் ஓடையிலோ, பண்டிகை முடிந்து கழிக்கப்பட்ட கிறிஸ்துமஸ் மரங்களை வரிசையாகக் கிடத்தி, கிளைகளிடையே வண்டல் தங்கச் செய்து, கரைந்துபோன கரையைப் புதிதாக எழுப்பியிருக்கின்றனர். இந்தப் பொறுமையான கைப்பணியைவிட மேலான இயற்கை வழிபாடு ஒன்று உண்டென்று எனக்குத் தோன்றவில்லை.

நூறாண்டுக்கு மேல் குடியிருக்கும் கெண்டையை இனி விரட்டுவானேன் என்று வாதிப்போர் உண்டு. செடியற்ற சேற்றுநீரின் முன் அவ்வாதம் நிற்காது.

என் மனத்தை அரிக்கும் விஷயம் வேறு. மழைநீரும் சாக்கடையும் கலந்து தேங்கும் தொட்டியொன்றின் மதகு சிறிது திறந்தே கிடந்தமையால், 2014 ஜனவரி முதல் 2018 ஜூலை வரையில் 2400 கோடி லிட்டர் கழிவுநீர் செடோக் ஓடை வழியே இதே சதுப்பில் வந்து கலந்தது. வாசலில் ஒவ்வொரு மீனாகப் பரிசோதித்த அத்தனை வருஷப் பிரயத்தனத்துக்கும் கொல்லைப்புறமாக வந்த இந்த நஞ்சு எத்தகைய பதில்! அந்த மதகு அடைபட்டுவிட்டது; ஆயினும், மழைநீருக்கும் மலஜலத்துக்கும் ஒரே குழாயை வைத்திருக்கும் பழைய பேட்டைகளில், பெருமழை பெய்யுந்தோறும் குழாய் கொள்ளாத நீர் ஓடைகளை நோக்கியே வழிகிறது. அதிலுள்ள பாஸ்பரஸ் பாசியைக் கொழுக்க வைக்க, அப்பாசி, கெண்டை கலக்கிய சேற்றைப் போலவே, நீரடிச் செடிகளின் வெளிச்சத்தைப் பறிக்கிறது. ஆதலால், சதுப்பை மீட்க ஒதுக்கும் பணத்தில் முதற்பங்கு, நாற்று நடுவதற்கும் முன்னதாக, இவ்விரு நீரையும் தனித்தனிக் குழாய்களில் பிரிப்பதற்கே செலவிடப்பட வேண்டும்.