உங்களுக்குத் தெரியுமா? ஷெட்டுக்குள் எலி!

★ வீட்டில் பாம்பு, தேள் நடமாட்டம் இருந்தால் சங்கரன்கோவில் கோமதி அம்மனுக்கு நேர்ந்துகொண்டு, அவற்றின் உருவத் தகடு வாங்கி உண்டியலில் போடுவது தென்காசிச் சீமையில் நெடுநாள் வழக்கம். கையோடு புற்றுமண்ணும் வாங்கி வருவார்கள். வந்ததும் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுங்கள். பாம்பு அங்கே வருவது பெரும்பாலும் எலியைத் தேடித்தான். சாரைக்கு விஷம் கிடையாது. ஆனால் அதே இரைக்கு நல்ல பாம்பும் வரும்.

★ ஒரு பென்சில் நுழையும் ஓட்டை இருந்தால் சுண்டெலிக்குப் போதும். அதாவது சுமார் 6 மி.மீ. பெரிய எலிக்கு அரை அங்குலம் வேண்டும். ஷட்டருக்கு அடியில் துணியைத் திணிப்பதெல்லாம் அதற்குப் பஞ்சு மெத்தை போட்டுக் கொடுப்பதுதான். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை ஓட்டையில் அடைத்து மேலே சிமென்ட் பூசுங்கள். எலியின் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். அந்த மஞ்சள் நிறமே பல்லின் மேற்பூச்சில் உள்ள இரும்புச் சத்தால் வருவது.

★ மூஞ்சூறு எலி இனமே இல்லை! கூர்மூக்கும் குப்பென்ற நாற்றமும் கீச்சுக் குரலுமாகச் சுவரோரம் ஓடும் அது பூச்சி தின்னும் பிராணி. கரப்பான் அதற்கு விருந்து. பிள்ளையாரின் வாகனம் என்பதற்காக இல்லாவிட்டாலும், இந்த வேலைக்காகவாவது அதை விட்டுவிடலாம்.

★ சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓடும் தெருக்களில் எலி என்றால் பாவு நூலைப் பற்றிய கவலை. கஞ்சி ஏற்றிய நூலில் மாவுச்சத்து இருக்கிறதே, எலிக்கு அது சாப்பாடு. வண்டி வைத்திருப்பவர்களுக்கோ ஒயர். சீட்டுக்கு அடியிலும் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ளும் பஞ்சைக் கிழித்துப் போட்டுக் குட்டி போட்டுவிடும். எலி கடிக்காமல் ஒயரில் சுற்றுவதற்கென்றே, மிளகாயின் காரச்சத்து சேர்த்த டேப் ஒன்றை ஹோண்டா நிறுவனம் விற்கிறது. வாரத்துக்கு ஒருமுறை வண்டியை நகர்த்தி, சீட்டைத் தூக்கிப் பார்ப்பது அதைவிட மலிவு.

★ பொறி வைத்தும் எலி சிக்கவில்லையா? பெரிய எலிக்குப் புதுப் பொருள் எதைக் கண்டாலும் சந்தேகம். முதல் இரண்டு மூன்று நாள் பொறியைப் பூட்டாமல், மசால்வடையோ சுட்ட கருவாடோ மட்டும் வைத்து விட்டுவிடுங்கள். தின்று பழகட்டும். பிறகு பூட்டுங்கள். நடுத்தரையில் வைத்துப் புண்ணியமில்லை. எலி மீசை சுவரில் உரசியபடியே நடக்கும். சுவரை ஒட்டி, குறுக்கே, இரை வைத்த முனை சுவர்ப் பக்கம் இருக்கும்படி வையுங்கள். சுண்டெலி நேர்மாறு: புதுசு என்றால் முகர்ந்து பார்க்காமல் அதனால் இருக்க முடியாது. அதற்கு முதல் ராத்திரியே பூட்டலாம். கூண்டில் விழுந்ததை அடுத்த தெருவில் கொண்டுபோய் விடுபவர்களைப் பற்றி அடுத்த தெருக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

★ விலங்கு நல வாரியமே வேண்டாம் என்று சொன்னது, எலி ஒட்டும் பசை அட்டை. அதில் அணிலும் ஓணானும் குருவியும்கூட ஒட்டிக்கொண்டு துடிக்கும்.

★ ‘மருந்து தின்ற எலி தண்ணீர் தேடி வெளியே போய்த்தான் சாகும்’ என்பது வெறும் நம்பிக்கை. கடையில் கிடைக்கும் புரோமடயலோன் கேக் ரத்தம் உறையவிடாமல் செய்து, சில நாள் கழித்தே கொல்லும். அதற்குள் எலி எந்த மூட்டைக்கு அடியில் படுத்ததோ, நாற்றம் வந்த பிறகுதான் தெரியும். இந்த வகை மருந்துகளுக்கு முன்னோடி வார்ஃபரின். 1948-ல் எலி விஷமாக அமெரிக்கச் சந்தைக்கு வந்த அது, அடுத்த சில ஆண்டுகளில் மனிதர்களுக்கான மருந்தாகவும் ஆனது. 1955-ல் மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கும் கொடுத்தார்கள்!

★ மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையைத் தமிழ்நாட்டில் விற்கக் கூடாது. கல்லீரலை அழிக்கும் அதற்கு மாற்று மருந்தே கிடையாது. பழைய டியூப் எதாவது ஷெட் பலகையில் கிடந்தால் குழந்தை கைக்கு எட்டும் முன் அகற்றுங்கள். எலி மருந்தை வாயில் போட்டால்தான் ஆபத்து என்றும் இல்லை. சில வகைப் பொடிகள் நச்சு வாயுவாகக் கிளம்பும். 2024 நவம்பரில் சென்னை குன்றத்தூர் அருகே, எலி மருந்து வைத்த வீட்டில் ஏசி போட்டுத் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பூட்டிய அறையில் எலிப் பொடி வேண்டவே வேண்டாம். எவர் வந்து வைத்தாலும் என்ன மருந்து என்று பெயர் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

★ மீயொலி எழுப்பி எலியை விரட்டும் பிளக் கருவியா? ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்யாதீர்கள் என்று 2001-லேயே அமெரிக்காவின் வணிக ஆணையம் 60-க்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் கடிதம் அனுப்பியது.

★ எலிப் புழுக்கையைக் காய்ந்த விளக்குமாற்றால் பெருக்கக் கூடாது; தூசியோடு கிருமியும் பறக்கும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து, பத்து நிமிஷம் ஊறவிட்டு, கையுறையோடு துணியால் துடைத்தெடுங்கள். எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீரில் வரும். கால் வெடிப்பும் சின்னச் சிராய்ப்பும் போதும், உள்ளே நுழைந்துவிடும். ஐப்பசி மழையில் ஷெட்டுக்குள் தண்ணீர் தேங்கியிருந்தால் செருப்பில்லாமல் இறங்காதீர்கள்.

★ வட தமிழ்நாட்டு இருளர்கள் வயலில் எலி பிடிக்க, மண் சட்டியில் வைக்கோலைப் புகையவிட்டு, சட்டியின் துளையில் வாய் வைத்து வளைக்குள் ஊதுவார்கள். வாயும் நெஞ்சும் வெந்துபோகும். இதற்கு மாற்றாக, கையால் சுற்றிப் புகை செலுத்தும் இரும்புக் கருவியைச் சென்னைத் தொண்டு நிறுவனம் ஒன்று உருவாக்கியது; 2003-ல் உலக வங்கி நடத்திய போட்டியில் அதற்கு நிதி கிடைத்தது. புகை போட்ட பின் வளையைத் தோண்டினால், எலி இழுத்துச் சேர்த்த நெல் உள்ளே குவியலாகக் கிடக்கும். அது பிடித்தவர் வீட்டு உலைக்குப் போகும்.