பூசாவின் பாசித் தட்டுகளும் வேர் முடிச்சுகளும்

1905-இல் பீகாரின் பூசா கிராமத்தில் தொடங்கப்பட்ட வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், 1934 நிலநடுக்கத்தில் பெரும் சேதமடைந்தது. 1936-இல் அது டெல்லிக்கு இடம் மாறியபோது ஊர்ப் பெயரும் கூடவே வந்துவிட்டது. இன்றும் டெல்லிவாசிகளுக்கு அந்த வளாகம் 'பூசா'தான். பசுமைப் புரட்சிக் கோதுமையும் பாசுமதி ரகங்களும் நாடறிந்தவை. அதே வளாகத்தில் பாசியை உரமாக்கிய கதை அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

உரம் போடாத நெல் வயல்கள் ஆண்டுக்கணக்கில் ஓரளவு விளைச்சல் தந்துகொண்டே இருப்பது எப்படி? தேங்கிய நீரில் படரும் நீலப்பச்சைப் பாசி காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் சேர்க்கிறது என்று 1939-இல் காட்டினார் இந்திய விஞ்ஞானி பி.கே. டே. அந்தப் பாசியை உழவர் கைக்குக் கொண்டுசேர்க்க பூசாவில் உழைத்தவர் ஜி.எஸ். வெங்கட்ராமன்.

முறை எளிது. ஆழமில்லாத தகரத் தட்டில் சில கிலோ மண், கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட், சில அங்குலத் தண்ணீர். மண் படிந்து நீர் தெளிந்ததும் தாய்ப்பாசியைத் தூவி வெயிலில் வைத்தால், சில நாட்களில் மேலே ஆடை கட்டும். தண்ணீர் வற்றியதும் பாசி செதில் செதிலாகப் பெயர்ந்து வரும். அதைப் பையில் கட்டி வைத்து, நடவு முடிந்த ஒரு வாரத்தில் ஹெக்டேருக்கு 10 கிலோ வீதம் வயலில் தூவுவார்கள்.

காற்றில் 78 சதவீதம் தழைச்சத்தான நைட்ரஜன் இருந்தும் பயிரால் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. மூன்று பிணைப்புகளால் இறுகிய அந்த மூலக்கூறை உடைக்க உரத் தொழிற்சாலைகளுக்குச் சுமார் 400 டிகிரி வெப்பமும் கடும் அழுத்தமும் தேவைப்படுகின்றன. நைட்ரஜினேஸ் என்ற நொதியை வைத்துக்கொண்டு, இதையே வயல் மண்ணின் சாதாரண வெப்பத்தில் செய்கின்றன நுண்ணுயிர்கள்.

பயறு வகைகளுக்கும் நுண்ணுயிர்களுக்கும் உள்ள உறவு இன்னும் நெருக்கமானது. தழைச்சத்துக்கு ஏங்கும் வேர் சில வேதிப்பொருட்களைக் கசியவிடுகிறது. அவற்றை உணர்ந்த ரைசோபியம் பாக்டீரியா பதில் சமிக்ஞை அனுப்ப, வேர்த்தூவி சுருண்டு அதை உள்ளே அனுமதிக்கிறது. அங்கே முடிச்சு உருவாகிறது. செடி சர்க்கரையைக் கூலியாகக் கொடுத்து அம்மோனியாவை வாங்கிக்கொள்கிறது. பூக்கும் தறுவாயில் ஓர் உளுந்துச் செடியை வேரறாமல் தோண்டி, முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் தரும் நிறம் அது. வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் அந்த முடிச்சால் பயனில்லை.

யூரியாவை அள்ளிப் போட்ட மண்ணில் இந்த உறவு கூடிவராது. தழைச்சத்து தாராளமாகக் கிடைக்கும்போது செடி முடிச்சுக்குச் சர்க்கரை செலவழிப்பதில்லை. 45 கிலோ யூரியா மூட்டை மானியத்தில் மலிவாகக் கிடைக்கும் நாட்டில் நுண்ணுயிர் உரம் பின்தங்கிப் போனதில் வியப்பே இல்லை. உரக்கொள்கை வகுப்பவர்கள் இதை நேராகப் பார்த்தாக வேண்டும். மண்ணைக் காக்காத தீவிர சாகுபடி ஆபத்தில் முடியும் என்று, பசுமைப் புரட்சியின் தொடக்கத்திலேயே, 1968-இல் எச்சரித்தவர் அன்று பூசாவின் இயக்குநராக இருந்த எம்.எஸ். சுவாமிநாதன்தான். பிற்காலத்தில் சென்னையில் அவர் நிறுவிய ஆராய்ச்சி மையத்தினர், உப்பு நீரில் வளரும் காட்டு நெல்லோடு வாழ்ந்து தழைச்சத்தைச் சேர்க்கும் ஒரு பாக்டீரியாவைக் கண்டறிந்தார்கள். 2004-இல் அதற்கு அவர் பெயரையே சூட்டினார்கள்: சுவாமிநாதானியா.

கடையில் வாங்கும் நுண்ணுயிர் உரப் பாக்கெட்டில் இருப்பது உயிர். வெயிலில் கிடந்த பாக்கெட்டும், காலாவதியான பாக்கெட்டும் வெறும் கரித்தூள்தான். பயறுக்கு ரைசோபியம், நெல்லுக்கு அசோஸ்பைரில்லம் என்று பயிருக்கேற்றதைக் கேட்டு வாங்க வேண்டும். ஆறிய கஞ்சியில் கலந்து விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி, 24 மணி நேரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். பூஞ்சாணக்கொல்லி கலந்த விதை என்றால் ஒரு நாளாவது இடைவெளி விட்டபிறகே நுண்ணுயிர் நேர்த்தி செய்ய வேண்டும்.